இருப்பு 1, ஆர்டர் 2: செலக்ட்_ஃபார்_அப்டேட் போட்டும் லாக் விழவில்லையே, ஏன்?

கல்லாப்பெட்டி:

ஜாங்கோ 4.2 (பைதான் வெப் ஃப்ரேம்வொர்க்), போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ், முன்னால் கூனிகார்ன் சர்வர், 4 சிங்க் வொர்க்கர் (ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்ட்). ஐசொலேஷன் லெவலைத் (ஒரு டிரான்சாக்ஷனின் மாற்றம் மற்றொன்றுக்கு எப்போது தெரியும் என்ற அமைப்பு) தொடவில்லை, ரீட் கமிட்டட்தான். ஆன்லைன் கடை ஒன்றின் செக்அவுட் பகுதி இது. அட்டாமிக் என்பது டிரான்சாக்ஷன்: உள்ளே நடப்பது எல்லாம் சேர்ந்து கமிட் (பதிவு) ஆகும், இல்லையேல் எல்லாம் ரோல்பேக் (ரத்து) ஆகும். செலக்ட்_ஃபார்_அப்டேட் ரோவைப் படிக்கும்போதே கமிட் வரை பூட்டிவைக்கும் (லாக்) என்று நம்பிப் போட்டது. பிகே என்பது ரோவின் தனி எண், பிரைமரி கீ. ப்ராடக்ட் மாடலில் 'இருப்பு' ஒரு பாசிட்டிவ்இன்டிஜர்ஃபீல்டு (0-க்குக் கீழே போகாத முழு எண்).

```
பொருட்கள் = {ப.பிகே: ப ஃபார் ப இன் ப்ராடக்ட்.ஆப்ஜெக்ட்ஸ்.ஃபில்டர்(பிகே__இன்=ஐடிகள்)}

வித் டிரான்சாக்ஷன்.அட்டாமிக்():
    ப்ராடக்ட்.ஆப்ஜெக்ட்ஸ்.செலக்ட்_ஃபார்_அப்டேட்().ஃபில்டர்(பிகே__இன்=ஐடிகள்)
    ஃபார் பிகே, அளவு இன் கார்ட்.ஐட்டம்ஸ்():
        ப = பொருட்கள்[பிகே]
        இஃப் ப.இருப்பு < அளவு:
            ரெய்ஸ் இருப்பில்லை(பிகே)
        ப.இருப்பு -= அளவு
        ப.சேவ்()
        ஆர்டர்லைன்.ஆப்ஜெக்ட்ஸ்.கிரியேட்(ஆர்டர்=ஆர்டர், ப்ராடக்ட்=ப, அளவு=அளவு)
    பேமென்ட்_எடு(ஆர்டர்)
```

மூன்று சிக்கல்கள்.

ஒன்று, கடைசியாக இருக்கும் ஒரு பொருளை ஒரே நேரத்தில் இரண்டு பேர் வாங்கினால் இரண்டு பேருக்கும் ஆர்டர் பதிவாகிவிடுகிறது. இருப்பு 0 என்றே காட்டுகிறது, எந்தப் பிழையும் வருவதில்லை. இருப்பு 0-க்குக் கீழே போனால் டேபிளில் இருக்கும் செக் கன்ஸ்ட்ரெயின்ட் கத்த வேண்டாமா?

இரண்டு, நன்றாக விற்கும் பொருளுக்கு வரும் ரிக்வெஸ்ட்கள் வரிசையாகத் தொங்குகின்றன. 30 விநாடியில் கூனிகார்ன் வொர்க்கரைக் கொன்றுவிடுகிறது.

மூன்று, கார்ட்டில் பல பொருட்கள் இருக்கும்போது எப்போதாவது 'டெட்லாக் டிடெக்டட்' வருகிறது.

லாக் போட்டிருக்கிறேன், அட்டாமிக் உள்ளேதான் போட்டிருக்கிறேன். எங்கே தவறு?

---

நூல்கண்டு:

லாக் போடவே இல்லை என்பதுதான் விஷயம். அட்டாமிக்கின் முதல் வரி டேட்டாபேஸுக்குப் போவதில்லை. குவெரிசெட் (ஜாங்கோ கட்டிவைக்கும் டேட்டாபேஸ் குவெரி) சோம்பேறி: அதன் மேல் ஃபார் ஓட்டினாலோ, லிஸ்ட்() போட்டாலோ, கெட்() கூப்பிட்டாலோதான் எஸ்கியூஎல் கிளம்பும். நீங்கள் குவெரிசெட்டைக் கட்டி, அதை எதிலும் வாங்காமல் அப்படியே விட்டுவிட்டீர்கள். அந்த வரியை அட்டாமிக்குக்கு வெளியே வைத்திருந்தாலும் பிழை வந்திருக்காது. டிரான்சாக்ஷனுக்கு வெளியே பூட்டினால் கிடைக்கும் டிரான்சாக்ஷன்மேனேஜ்மென்ட்எரர் வருவதற்கும் குவெரி ஓட வேண்டுமே.

ஆனால் இதை மட்டும் சரிசெய்தால் போதாது. லிஸ்ட்() போட்டு லாக்கை நிஜமாகவே எடுத்தாலும், கீழே நீங்கள் பார்க்கும் ப.இருப்பு லாக்குக்கு முன்னால் படித்த பழைய எண். லாக் இருப்பது டேட்டாபேஸில் உள்ள ரோவின் மேல். உங்கள் கையில் இருக்கும் பைதான் ஆப்ஜெக்ட்டுக்கு அது தெரியாது, தானாகப் புதுப்பித்துக்கொள்ளவும் செய்யாது.

வரிசையாகப் பார்த்தால் புரியும். வொர்க்கர் ஏ இருப்பு 1 என்று படிக்கிறது. பி-யும் 1 என்று படிக்கிறது. ஏ கழித்து 0 என எழுதி, இன்னும் கமிட் ஆகாமல் நிற்கிறது. பி-யின் சேவ்() அதே ரோவில் அப்டேட் போடப் போய்க் காத்திருக்கிறது. ஏ கமிட் ஆனதும் பி தன் கையில் இருந்த 1-லிருந்து கழித்த 0-வை எழுதுகிறது. இரண்டு பேருமே '0' என்றுதான் எழுதினார்கள், அதனால் செக் கன்ஸ்ட்ரெயின்ட்டுக்குக் கத்த ஒன்றுமே கிடைக்கவில்லை. இருப்பு −1 ஆகாமல் 0-வில் நின்றதே நல்ல துப்பு: இது லாஸ்ட் அப்டேட், அதாவது ஒருவர் எழுதியதன் மேலேயே இன்னொருவர் எழுதி முதல் மாற்றம் தொலைந்துபோவது. கழித்தலை டேட்டாபேஸே செய்திருந்தால் −1 வரப் பார்த்து, கன்ஸ்ட்ரெயின்ட் பிடித்திருக்கும்.

சரியான வடிவம்:

```
வித் டிரான்சாக்ஷன்.அட்டாமிக்():
    பொருட்கள் = {
        ப.பிகே: ப
        ஃபார் ப இன் ப்ராடக்ட்.ஆப்ஜெக்ட்ஸ்
            .செலக்ட்_ஃபார்_அப்டேட்()
            .ஃபில்டர்(பிகே__இன்=ஐடிகள்)
            .ஆர்டர்_பை('பிகே')
    }
    ஃபார் பிகே, அளவு இன் கார்ட்.ஐட்டம்ஸ்():
        ப = பொருட்கள்[பிகே]
        இஃப் ப.இருப்பு < அளவு:
            ரெய்ஸ் இருப்பில்லை(பிகே)
        ப.இருப்பு -= அளவு
        ப.சேவ்(அப்டேட்_ஃபீல்ட்ஸ்=['இருப்பு'])
```

லாக் எடுக்கும் குவெரியும் எண்ணைப் படிக்கும் குவெரியும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ரீட் கமிட்டட்டில் போஸ்ட்கிரெஸ் நல்ல பிள்ளை. காத்திருந்து லாக் கிடைத்ததும், அந்த ரோவின் புதிய வடிவத்தை எடுத்து எஸ்கியூஎல் 'வேர்' (ஃபில்டர்) நிபந்தனையை அதன் மேல் மறுபடி பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் தரும். அதனால் கைக்கு வருவது கமிட் ஆன சமீபத்திய எண். ரிப்பீட்டபிள் ரீட் வைத்திருந்தால் கதை வேறு: இடையில் யாராவது அந்த ரோவை மாற்றியிருந்தால் 40001 பிழை வரும், டிரான்சாக்ஷனை முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

அப்டேட்_ஃபீல்ட்ஸ் ஏன் என்றால், வெறும் சேவ்() எல்லா ஃபீல்டையும் திருப்பி எழுதும். லாக் எடுக்காத வேறொரு இடத்தில் பழைய ஆப்ஜெக்ட்டை வைத்துக்கொண்டு யாராவது சேவ்() போட்டால், நடுவில் மாறிய விலையும் சேர்ந்து பழையதாகிவிடும்.

லாக் நிஜமாகவே விழுகிறதா என்று சோதிக்க டூல் எதுவும் வேண்டாம். இரண்டு டெர்மினலில் ஜாங்கோ ஷெல்லைத் திறக்கவும். முதலாவதில் அட்டாமிக்கைத் திறந்து, ஒரு ரோவைச் செலக்ட்_ஃபார்_அப்டேட்().கெட்() செய்துவிட்டு 20 விநாடி ஸ்லீப். இரண்டாவதில் அதையே ஓட்டவும். இரண்டாவது தொங்கினால் லாக் இருக்கிறது, உடனே திரும்பினால் இல்லை. இந்தச் சோதனையில் கவுன்ட்() வைத்துப் பார்க்காதீர்கள். அக்ரிகேட் குவெரியில் ஜாங்கோவே 'ஃபார் அப்டேட்' பகுதியைக் கழற்றிவிடும், எந்த ரோவும் பூட்டப்படாது.

---

வெண்பலகை:

மேலே சொன்னது சரி. ஆனா இந்த அளவு வேலைக்கு செலக்ட்_ஃபார்_அப்டேட்டே வேண்டாம்ங்கறது என் கருத்து. ஒரே அப்டேட்ல முடிச்சிடலாம்:

```
மாறியது = ப்ராடக்ட்.ஆப்ஜெக்ட்ஸ்.ஃபில்டர்(
    பிகே=பிகே, இருப்பு__ஜிடிஈ=அளவு
).அப்டேட்(இருப்பு=எஃப்('இருப்பு') - அளவு)

இஃப் மாறியது == 0:
    ரெய்ஸ் இருப்பில்லை(பிகே)
```

ஜிடிஈன்னா 'அவ்வளவோ அதுக்கு மேலயோ', எஃப்()ன்னா கழித்தலை டேட்டாபேஸே செய்யும். அப்டேட்() எத்தனை ரோ மாறுச்சுன்னு எண்ணா திருப்பித் தரும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல வந்தா ரெண்டாவது ஆள் காத்திருப்பார், முதல் ஆள் கமிட் ஆனதும் நிபந்தனை புது எண் மேல மறுபடி பார்க்கப்படும், 0 திரும்பும். ஒரு ரவுண்ட்ட்ரிப் மிச்சம்.

ரெண்டு எச்சரிக்கை. அப்டேட்() போட்டா மாடலோட சேவ்() ஓடாது, ப்ரீ_சேவ், போஸ்ட்_சேவ் சிக்னல் கிளம்பாது, ஆட்டோ_நவ் ஃபீல்டும் மாறாது. 'கடைசியா மாறிய நேரம்' வேணும்னா அதையும் கையால எழுதணும். இன்னொண்ணு, எஃப்()-ஐ ஆப்ஜெக்ட் மேல வச்சு சேவ்() பண்ணாதீங்க. 4.2-ல அந்தக் கணக்கு ஆப்ஜெக்ட்லயே ஒட்டிக்கிட்டு இருக்கும். கீழே வேற எதுக்கோ இன்னொரு சேவ்() போட்டா ரெண்டு தடவை கழியும்.

---

நூல்கண்டு:

@வெண்பலகை, ஒரு ரோ, ஒரு எண், ஒரு நிபந்தனை என்றால் உங்கள் வழியே மேல், மறுக்கவில்லை. முடிவெடுக்க வேறு எதையாவது பார்க்க வேண்டியிருந்தால்தான் லாக்: ஒரு வாடிக்கையாளருக்கு 2-க்கு மேல் கிடையாது என்பது போன்ற விதி, எந்தெந்தப் பொருள் எத்தனை குறைகிறது என்று முழுப் பட்டியலையும் காட்டுவது, தள்ளுபடிக் கணக்கு. அங்கேயெல்லாம் பைதானில் யோசிக்கும் நேரம் முழுக்க அந்த ரோ அசையாமல் நிற்க வேண்டும்.

இன்னொன்று, உங்கள் வழியிலும் லாக் இருக்கிறது. அப்டேட் தொட்ட ரோ கமிட் வரை பூட்டியேதான் கிடக்கும். ஆகவே கேட்டவரின் இரண்டாவது, மூன்றாவது சிக்கல்கள் எஃப்()-க்கு மாறினாலும் போகாது.

---

பின்கட்டு:

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். குற்றவாளி கடைசி வரி, பேமென்ட்_எடு. வெளியே ஒரு சர்வருக்கு எச்டிடிபி கால் போய்த் திரும்பும் வரை அந்த ரோக்கள் எல்லாம் உங்கள் கையில். பேமென்ட் கேட்வே 8 விநாடி எடுத்தால், அதே பொருளை வாங்க வந்த அடுத்த மூன்று பேரும் 8, 16, 24 என்று வரிசையில் நிற்பார்கள். நான்கு வொர்க்கரும் அதற்குள் தீர்ந்துவிடும், முகப்புப் பக்கம்கூடத் திறக்காது. கூனிகார்ன் சிங்க் வொர்க்கரின் டைம்அவுட் இயல்பாகவே 30 விநாடி. அதுதான் நீங்கள் பார்க்கும் எண்.

இதில் பண ஆபத்தும் இருக்கிறது. பணம் எடுக்கப்பட்ட பிறகு, கமிட்டுக்கு முன் வொர்க்கர் செத்தால் டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆகும். ஆர்டர் இல்லை, பணம் மட்டும் போயிருக்கும். டேட்டாபேஸ் ரோல்பேக்கால் கேட்வேயில் நடந்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

மூன்று துண்டாக வெட்டுங்கள்.

முதல் துண்டு குறுகிய டிரான்சாக்ஷன்: இருப்பைக் கழித்து, ஆர்டரை 'பிடித்துவைத்தது' நிலையில் எழுதி, காலாவதி நேரம் ஒன்றைக் குறித்து (10 அல்லது 15 நிமிடம்), கமிட். இதற்கு மில்லிவிநாடிக் கணக்கில்தான் நேரம் போகும்.

இரண்டாவது துண்டு பேமென்ட். எந்த டிரான்சாக்ஷனுக்குள்ளும் இல்லை. ஆர்டர் எண்ணையே ஐடெம்பொட்டென்ஸி கீயாக அனுப்புங்கள். மறுபடி கூப்பிட நேர்ந்தால் இரண்டு முறை பணம் பிடிக்கக் கூடாது.

மூன்றாவது இன்னொரு குறுகிய டிரான்சாக்ஷன். ஆர்டர் ரோவைச் செலக்ட்_ஃபார்_அப்டேட்() போட்டு எடுத்து, நிலை இன்னும் 'பிடித்துவைத்தது' தானா என்று பார்த்துவிட்டு 'பணம் வந்தது' என மாற்றுவது. இங்கே லாக் கட்டாயம். கேட்வேயின் வெப்ஹூக்கும் (பேமென்ட் முடிவைச் சொல்ல அது நம் சர்வரைக் கூப்பிடுவது) வாடிக்கையாளரின் பிரவுசர் திரும்பி வருவதும் ஒரே விநாடியில் வந்து மோதும். நிலையைப் பார்க்காமல் விட்டால் இரண்டு ரசீது மெயில் போகும். அந்த மெயிலை அனுப்பும் செலரி (பின்னணி வேலைகளை ஓட்டும் கருவி) டாஸ்க்கை டிரான்சாக்ஷன்.ஆன்_கமிட்() வழியாகக் கிளப்புங்கள். நேரடியாகக் கிளப்பினால் கமிட் ஆகும் முன்பே டாஸ்க் ஓடி, ஆர்டர் இன்னும் பழைய நிலையில் இருப்பதைப் படிக்கும்.

பணம் வராமல் காலாவதியான ஆர்டர்களை நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு வேலை துடைக்கட்டும். அங்கே ஸ்கிப்_லாக்ட்=ட்ரூ பொருத்தம்:

```
ஆர்டர்.ஆப்ஜெக்ட்ஸ்.செலக்ட்_ஃபார்_அப்டேட்(ஸ்கிப்_லாக்ட்=ட்ரூ).ஃபில்டர்(
    நிலை='பிடித்துவைத்தது', காலாவதி__எல்டி=இப்போது
).ஆர்டர்_பை('பிகே')[:100]
```

யாராவது அந்த நேரம் பணம் கட்டி உறுதிசெய்துகொண்டிருக்கும் ஆர்டர் பூட்டியிருக்கும். துடைப்பு அதைத் தாண்டிப் போகும், காத்திருக்காது. இதே ஸ்கிப்_லாக்டைப் பொருள் ரோவில் போட்டுவிடாதீர்கள். பூட்டிய பொருள் ரிசல்ட்டிலேயே வராது, 'அப்படி ஒரு பொருளே இல்லை' என்று கோட் நினைத்துக்கொள்ளும். 'ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும்' என்ற இடங்களுக்குத்தான் அது. குறிப்பிட்ட ஒன்றே வேண்டும் என்றால் காத்திரு, அல்லது நோவெயிட் போட்டுப் பிழையை வாங்கு.

செட்டிங்ஸில் அட்டாமிக்_ரிக்வெஸ்ட்ஸ் ட்ரூ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வியூ முழுக்க ஒரே டிரான்சாக்ஷன். நீங்கள் உள்ளே எழுதும் அட்டாமிக் வெறும் சேவ்பாயின்ட்தான் (அதே டிரான்சாக்ஷனுக்குள் ஒரு இடைக்குறி). உள் பிளாக் முடிந்ததும் லாக் விடுபடும் என்று பலர் நினைக்கிறார்கள். விடுபடாது. வெளி டிரான்சாக்ஷன் கமிட் ஆனால்தான். மேலே சொன்ன மூன்று துண்டும் அப்போது சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். அந்த வியூவுக்கு மட்டும் நான்_அட்டாமிக்_ரிக்வெஸ்ட்ஸ் டெக்கரேட்டர் போடவும். துண்டுகளை அட்டாமிக்(டியூரபிள்=ட்ரூ) என்று எழுதினால் இன்னும் நல்லது. 3.2-லிருந்து இருக்கிறது. யாராவது தெரியாமல் அதை வேறொரு டிரான்சாக்ஷனுக்குள் வைத்தால் ரன்டைம்எரர் வந்து காட்டிக்கொடுக்கும்.

காத்திருப்புக்கு ஒரு எல்லையும் வைக்கவும். போஸ்ட்கிரெஸில் லாக்_டைம்அவுட் இயல்பாக 0, அதாவது எல்லையே இல்லை. டிரான்சாக்ஷன் தொடங்கியதும் 'செட் லோக்கல் லாக்_டைம்அவுட் = 3000' என்று ஒரு கர்சர் வழியாக ஓட்டினால், 3 விநாடியில் 55பி03 பிழை வரும், ஜாங்கோவில் அது ஆப்பரேஷனல்எரர். 'இப்போது நெரிசல், மறுபடி முயலவும்' என்று சொல்ல அது போதும். லோக்கல் என்ற சொல்லை விட்டால் அந்தக் கனெக்ஷன் உள்ளவரை அமைப்பு ஒட்டிக்கொள்ளும். நடுவில் பிஜிபவுன்சர் (கனெக்ஷன்களைப் பலருக்கும் பகிர்ந்து தரும் கருவி) டிரான்சாக்ஷன் மோடில் இருந்தால் வேறு யாருக்கோ போய்ச் சேரும்.

---

நூல்கண்டு:

மூன்றாவது, டெட்லாக். ஒருவர் கார்ட்டில் அரிசி, எண்ணெய் என்ற வரிசை. இன்னொருவர் எண்ணெய், அரிசி. முதலாமவர் அரிசியைப் பூட்டி எண்ணெய்க்குக் காத்திருக்க, மற்றவர் எண்ணெயைப் பூட்டி அரிசிக்குக் காத்திருப்பார். போஸ்ட்கிரெஸ் 1 விநாடி பார்க்கும் (டெட்லாக்_டைம்அவுட்டின் இயல்பு அளவு அது), பிறகு சுழற்சி இருக்கிறதா என்று ஆராய்ந்து ஒருவரை 40பி01 பிழையோடு வெளியே தள்ளும். நான் மேலே ஆர்டர்_பை('பிகே') போட்டது இதற்காகத்தான். எல்லோரும் ஒரே வரிசையில் பூட்டினால் சுழற்சி உருவாகாது. வெண்பலகையின் வழியில் போனாலும் கார்ட்டைப் பிகே வரிசைப்படி சார்ட் செய்துவிட்டு லூப் ஓட்டுங்கள். வரிசைப்படுத்தும் ஃபீல்டு நடுவில் மாறக்கூடியதாக இருக்கக் கூடாது. 'விலை' வரிசைப்படி பூட்டுவது பயன்படாது.

அப்படியும் வேறெங்காவது டெட்லாக் எப்போதாவது வரத்தான் செய்யும், ரீட்ரை எழுதி வைக்கவும். ஆனால் எங்கே? முழு டிரான்சாக்ஷனுக்கும் வெளியே. அட்டாமிக்குக்கு உள்ளேயே ட்ரை, எக்செப்ட் போட்டு அதே குவெரியை மறுபடி ஓட்டினால், போஸ்ட்கிரெஸ் 'இந்த டிரான்சாக்ஷன் ஏற்கெனவே முறிந்துவிட்டது' என்று எல்லாவற்றையும் மறுக்கும். 3 முறை, நடுவே 50 முதல் 200 மில்லிவிநாடி வரை தாறுமாறான இடைவெளி போதும். ரீட்ரை ஆகும் ஃபங்ஷனுக்குள் மெயில் அனுப்புவது, பேமென்ட் எடுப்பது எதுவும் இருக்கக் கூடாது.

அடுத்து இதுவரை யாரும் தொடாத ஒன்று. ஆர்டர்லைன் டேபிளில் ஒரு ரோ சேர்க்கும்போது, ஃபாரின் கீ (வேறு டேபிளின் ரோவைக் குறிக்கும் ஃபீல்டு) காட்டும் ப்ராடக்ட் ரோவின் மேல் போஸ்ட்கிரெஸ் தானாகவே 'ஃபார் கீ ஷேர்' லாக் எடுக்கும். உங்கள் செலக்ட்_ஃபார்_அப்டேட்() எடுக்கும் 'ஃபார் அப்டேட்' அதோடு மோதும். ஆகவே யாரோ இருப்பைக் கழிக்கப் பூட்டியிருக்கும் நேரத்தில், அந்தப் பொருளுக்கு ரிவ்யூ எழுதுபவர், விஷ்லிஸ்ட்டில் சேர்ப்பவர் எல்லோரும் காரணம் தெரியாமல் காத்திருப்பார்கள். இருப்பை மட்டும் மாற்றப்போகிறோம், பிரைமரி கீயை அல்ல. அதனால் செலக்ட்_ஃபார்_அப்டேட்(நோ_கீ=ட்ரூ) போதும். அது 'ஃபார் நோ கீ அப்டேட்' ஆகும். இருவர் இருப்பைக் கழிப்பது இன்னும் ஒன்றுக்கொன்று தடுக்கும், ஃபாரின் கீ சரிபார்ப்பு தடுபடாது. ஜாங்கோ 3.2 முதல் இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் நோ_கீயைத்தான் இயல்பாக வைத்துக்கொள்ளச் சொல்வேன், ரோவை அழிக்கப் போகிற இடம் தவிர.

செலக்ட்_ரிலேட்டட்('வகை') (பொருளின் வகை ரோவையும் அதே குவெரியில் எடுப்பது) சேர்த்திருந்தால் ஜாயினில் வரும் வகை டேபிளின் ரோவும் சேர்ந்து பூட்டப்படும். 'மளிகை' என்ற ஒரு ரோவுக்கு 400 பொருட்கள் என்றால், அந்த 400 பொருளின் செக்அவுட்டும் ஒற்றை வரிசையில் நிற்கும். ஆஃப்=('செல்ஃப்',) என்று கொடுத்தால் ப்ராடக்ட் ரோ மட்டும். அந்த ஃபாரின் கீ நல் (காலி) ஆகலாம் என்றிருந்தால் பிழையே வரும், ஏனென்றால் அவுட்டர் ஜாயினின் நல் பக்கத்தைப் பூட்ட முடியாது. அதற்கும் இதே ஆஃப்தான் மருந்து.

---

கல்லாப்பெட்டி:

நன்றி. மாற்றிவிட்டேன், ஷெல் சோதனையில் இரண்டாவது டெர்மினல் தொங்குகிறது. இப்போது மூன்று கேள்விகள்.

டெஸ்ட்கள் எஸ்கியூலைட்டில் ஓடுகின்றன, பழைய கோடும் புதிய கோடும் இரண்டுமே பாஸ் ஆகின்றன. இதை எப்படி டெஸ்ட் செய்வது? இன்னொரு கிளை மைஎஸ்கியூஎல் 8-இல் ஓடுகிறது, அங்கே என்ன மாறும்? அட்மின் பக்கத்திலிருந்து இருப்பை மாற்றும்போது இன்னும் கணக்கு தவறுகிறது. அங்கேயும் லாக் போட வேண்டுமா?

---

பின்கட்டு:

எஸ்கியூலைட்டில் செலக்ட்_ஃபார்_அப்டேட்() எதுவுமே செய்யாது. பிழையும் சொல்லாது, நோவெயிட், ஸ்கிப்_லாக்ட் கொடுத்தாலும் கண்டுகொள்ளாது. ஆகவே அங்கே பாஸ் ஆவதற்கு ஒரு பொருளும் இல்லை. டெஸ்ட்டையும் போஸ்ட்கிரெஸில் ஓட்டுங்கள்.

அதிலும் சாதாரண டெஸ்ட்கேஸ் கூடாது. அது ஒவ்வொரு டெஸ்ட்டையும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் வைத்து, முடிவில் ரோல்பேக் செய்கிறது. அதனால் நீங்கள் அட்டாமிக் போட மறந்திருந்தாலும் பிழை மறைந்துவிடும். இன்னொரு திரெட்டின் கனெக்ஷனுக்கு உங்கள் டேட்டா கண்ணிலேயே படாது. டிரான்சாக்ஷன்டெஸ்ட்கேஸ் எடுத்து, இருப்பு 1 உள்ள பொருள் ஒன்று, இரண்டு திரெட், இரண்டும் ஒரே கணம் கிளம்ப திரெடிங்.பேரியர்(2). முடிவில் ஆர்டர் 1, 'இருப்பில்லை' 1, இருப்பு 0 என்று மூன்றையும் சரிபார்க்கவும். இருப்பு 0 என்பதை மட்டும் பார்த்தால் உங்கள் பழைய கோடும் பாஸ் ஆகும். ஒவ்வொரு திரெட்டின் கடைசியிலும் கனெக்ஷன்.க்ளோஸ்() வேண்டும். இல்லையென்றால் டெஸ்ட் டேட்டாபேஸை அழிக்கும்போது 'வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள்' என்று நிற்கும்.

அட்மின் விஷயம் லாக்கால் தீராது. ஒருவர் ஃபார்மைத் திறக்கும்போது இருப்பு 50. அவர் விளக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்கும் 5 நிமிடத்தில் 3 விற்றுவிட்டது. சேவ் அழுத்தினால் 50 திரும்பவும் எழுதப்படும். ரோ லாக் எதையும் 'தடை' செய்வதில்லை, காக்க மட்டுமே வைக்கும். அதுவும் பூட்ட அல்லது எழுத வருபவரை மட்டும். சாதாரண செலக்ட் காத்திருப்பதே இல்லை. மனிதர் ஃபார்மைத் திறந்து வைத்திருக்கும் நேரம் முழுக்க டிரான்சாக்ஷனைத் திறந்து வைக்கவும் முடியாது.

எளிய வழி: 'இருப்பு' ஃபீல்டை அட்மினில் ரீட்ஒன்லி_ஃபீல்ட்ஸில் போட்டுவிட்டு, 'சரக்கு வந்தது +20', 'உடைந்தது −2' என்று கூட்டல் கழித்தலாக எழுதும் தனி ஃபார்ம். உள்ளே எஃப்() போதும். விலை, விளக்கம் போன்றவற்றுக்கும் பாதுகாப்பு வேண்டுமென்றால் 'பதிப்பு' என்ற எண் ஃபீல்டு வைத்து, ஃபில்டர்(பிகே=பிகே, பதிப்பு=பழையது).அப்டேட்(...) 0 திருப்பினால் 'நடுவில் வேறொருவர் மாற்றிவிட்டார்' என்று சொல்வது. ரூபியின் ரெயில்ஸில் லாக்_வெர்ஷன், ஜாவாவின் ஜேபிஏவில் வெர்ஷன் அனோட்டேஷன் என்று இது கட்டமைப்பிலேயே இருக்கிறது. ஜாங்கோவில் கையால் எழுத வேண்டும்.

---

வெண்பலகை:

மைஎஸ்கியூஎல் பக்கம் நான் சொல்றேன்.

இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லோட உள் எஞ்சின்) பூட்டுறது இன்டெக்ஸ் ரெக்கார்டை. வேர்ல இருக்கற ஃபீல்டுக்கு இன்டெக்ஸ் இல்லேன்னா டேபிள் முழுக்க ஸ்கேன் ஆகும். ரிப்பீட்டபிள் ரீட்ல ஸ்கேன் ஆன எல்லா ரோவும் கமிட் வரைக்கும் பூட்டி இருக்கும். பிகே வச்சுப் பூட்டுனா கவலை இல்ல. ஜாங்கோ 2.0-லேர்ந்து மைஎஸ்கியூஎல் கனெக்ஷனை ரீட் கமிட்டட்லதான் திறக்குது. யாராவது ஆப்ஷன்ஸ்ல ஐசொலேஷன்_லெவலை மாத்தியிருக்காங்களான்னு மட்டும் பாருங்க. மாத்தியிருந்தா ஒரு விசித்திரம் நடக்கும்: ஒரே டிரான்சாக்ஷன்ல சாதாரண செலக்ட் பழைய ஸ்னாப்ஷாட்டைக் காட்டும், ஃபார் அப்டேட் புது எண்ணைக் காட்டும். ரெண்டையும் கலந்து கணக்குப் போட்டா அவ்வளவுதான்.

காத்திருப்பு எல்லை இங்க 50 விநாடி, இன்னோடிபி_லாக்_வெயிட்_டைம்அவுட். உங்க கூனிகார்ன் 30-லயே கொன்னுடும், அதனால பிழையே கண்ணுல படாது. 3, 5 விநாடிக்குக் குறைங்க. எல்லை தாண்டுனா 1205, டெட்லாக்னா 1213. 1213-ல மொத்த டிரான்சாக்ஷனும் ரோல்பேக். 1205-ல இயல்பா அந்த ஒரு ஸ்டேட்மென்ட் மட்டும்தான் ரோல்பேக், டிரான்சாக்ஷன் திறந்தே இருக்கும். அட்டாமிக் உள்ளேயே அந்தப் பிழையைப் பிடிச்சு விழுங்கிட்டு மேல போனா பாதி ஆர்டர் கமிட் ஆகும். பிழையை அட்டாமிக் வெளிய போக விடுங்க.

நோ_கீ அங்க கிடையாது, கொடுத்தா நாட்சப்போர்ட்டட்எரர். நோவெயிட், ஸ்கிப்_லாக்ட் ரெண்டும் 8.0.1 முதல் உண்டு. ரெண்டு டேட்டாபேஸுக்கும் ஒரே கோட்னா, கனெக்ஷன்.வெண்டர் பார்த்து நோ_கீ கொடுக்கற ஒரு மேனேஜர் மெத்தட் எழுதி வச்சுக்கங்க.

வேற ஓஆர்எம்ல (டேபிள் ரோவை ஆப்ஜெக்ட்டா தர்ற லைப்ரரி) இருந்து இந்தப் பக்கம் வர்றவங்களுக்கு: இதே 'பழைய ஆப்ஜெக்ட்' பொறி எஸ்கியூஎல்ஆல்கெமில இன்னும் மோசம். அங்க செஷன் ஏற்கெனவே படிச்ச ஆப்ஜெக்டைத் தன்கிட்ட வச்சிருக்கும். வித்_ஃபார்_அப்டேட்() போட்டு மறுபடி குவெரி ஓட்டுனா லாக் விழும், புது எண்ணும் டேட்டாபேஸ்லேர்ந்து வரும், ஆனா ஏற்கெனவே நிரம்பின ஆப்ஜெக்ட்டுல அதை எழுதாது. பாப்புலேட்_எக்ஸிஸ்டிங் சேர்க்கணும், இல்லேன்னா செஷன்.ரிஃப்ரெஷ்(ப, வித்_ஃபார்_அப்டேட்=ட்ரூ).

---

கல்லாப்பெட்டி:

பேரியர் டெஸ்ட் பழைய கோடில் ஆர்டர் 2 என்று விழுகிறது, புதியதில் பாஸ். அட்டாமிக்_ரிக்வெஸ்ட்ஸ் ட்ரூ என்றே இருந்தது, பார்க்கச் சொன்னது நல்லதாயிற்று. லைவில் யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று பார்க்க ஏதாவது இருக்கிறதா?

---

நூல்கண்டு:

போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி வியூவில் வெயிட்_ஈவென்ட்_டைப் 'லாக்' என்று இருக்கும் ரோக்களை எடுத்து, ஒவ்வொன்றின் பிஐடியையும் (ப்ராசஸ் எண்) பிஜி_பிளாக்கிங்_பிஐடிஸ்() ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். யார் தடுக்கிறார் என்ற பட்டியல் வரும். தடுப்பவரின் ஸ்டேட் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்று இருந்தால், அவர் டேட்டாபேஸில் எதுவும் செய்யவில்லை, பைதான் பக்கம் எங்கேயோ காத்திருக்கிறார் என்று பொருள். பெரும்பாலும் எச்டிடிபி கால். லாக்_வெயிட்ஸ் பதிவை (லாக்_லாக்_வெயிட்ஸ் என்ற அமைப்பு, முதல் லாக் பதிவு, இரண்டாவது லாக் பூட்டு) ஆன் செய்தால், 1 விநாடிக்கு மேல் காத்திருந்தவை எல்லாம் சர்வர் பதிவில் விழும்.

மைஎஸ்கியூஎல் 8-இல் சிஸ் ஸ்கீமாவில் இன்னோடிபி_லாக்_வெயிட்ஸ் வியூ. காத்திருக்கும் குவெரி, தடுக்கும் கனெக்ஷன் எண், அதைக் கொல்வதற்கான கில் கட்டளை வரை ஒரே வரியில் தரும்.

செத்த வொர்க்கர்களைப் பற்றி ஒன்று. லாக்குக்காகக் காத்திருக்கும் குவெரியின் நடுவில் கூனிகார்ன் வொர்க்கரைக் கொன்றால், போஸ்ட்கிரெஸ் பக்கத்து பேக்எண்ட் (அந்தக் கனெக்ஷனைக் கவனிக்கும் ப்ராசஸ்) அதை உடனே உணராது. லாக் கிடைத்து, பதிலை அனுப்பப் போகும்போதுதான் மறுமுனையில் ஆள் இல்லை என்று தெரியும். அதுவரை அது வரிசையில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் உங்கள் 4 வொர்க்கருக்கு மேல் கனெக்ஷன்கள் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். லாக்_டைம்அவுட் 3 விநாடி வைத்தால் இதுவும் சேர்ந்து தீரும். கூடுதலாக க்ளையன்ட்_கனெக்ஷன்_செக்_இன்டர்வல் என்ற அமைப்பும் 14-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது, இயல்பாக அணைந்திருக்கும்.